மாடி அறைக்கு ஒரு கேபிள்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் நெட் போயிற்று. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், வயது எண்பதுக்கு மேல். ஆபரேஷனுக்கு முந்தின பேச்சு. எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன். "ஓம் பிள்ளை, ஒருக்கா ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. அந்த ஊசியின்ர பேர்..." என்று ஆரம்பித்தார். அதோடு சரி. திரையில் வட்டம் சுற்றுகிறது. நான் "அம்மா, அம்மா" என்று கத்துகிறேன், பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், காதில் ஹெட்போனோடு, பைத்தியக்காரி மாதிரி.

திரும்ப வருவதற்குள் அந்த அழைப்பு வேறு யாருக்கோ போய்விட்டது. ஊசியின் பெயரைச் சொன்னாரா, யாராவது கேட்டார்களா, ஒன்றும் தெரியாது. விசாரிக்கவும் கூடாது, அது விதி.

எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு இருபது வருஷம் இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தாறு வயதில் வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைத்த மொழிபெயர்ப்பு வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதற்குள் இப்படி நாலு தடவை.

ஜூன் 4, புதன்

நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டு. கடைசியில் ஒரு பெண் பேசினாள். "உங்கள் லைன் நன்றாக இருக்கிறது மேடம்" என்றாள். நன்றாக இருந்தால் உன்னிடம் எதற்கம்மா பேசிக்கொண்டிருக்கிறேன்?

இவர் சாயங்காலம் வந்து காப்பி குடித்தபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "உனக்கு எதுக்கு இந்த டென்ஷன் பியூலா? வேண்டாம்னா விட்ரு. நாம என்ன இதை நம்பியா இருக்கோம்?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார்.

ஜூன் 6, வெள்ளி

நெட் கம்பெனியிலிருந்து இசக்கிமுத்து வந்தார். ரூட்டர் பெட்டியை மாட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஹாலில் டிவி பக்கத்தில் பெட்டி, மாடியில் நான். நடுவில் கான்கிரீட் தளம். "வைஃபை மேல வர்றதுக்குள்ள களைச்சுப் போகும்கா. உங்க வேலைக்கு வயர் இழுத்துருங்க, அதான் பத்திரம்" என்றார். அப்படியானால் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டேன். "சார்ட்ட சொன்னேனே" என்றார்.

இவரிடம் கேட்டால், "வயரெல்லாம் தொங்கினா வீடு அசிங்கமா இருக்கும்னு விட்டேன்" என்கிறார். வீடு அசிங்கமாக இருக்குமாம்! மாடிப்படியில் இவருடைய கிரிக்கெட் கோப்பைகள் பன்னிரண்டு வருஷமாகத் தூசி பிடித்துக்கிடப்பது அழகு.

ஜூன் 7, சனி

ஜங்ஷனில் போய் கேபிள், ஜாக்குகள், கிரிம்பிங் டூல், ஒரு வயரை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி எல்லாம் வாங்கி வந்தேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், "சார் வரலையா?" என்று. எந்த சார்? நான் மிளகாய்ப் பொடி அரைக்கப் போனாலும் இவர்களுக்கு ஒரு சார் வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். கேபிளுக்குள் எட்டு வயர், தலைமுடி மாதிரி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். இந்த வரிசையில் ஜாக்குக்குள் நுழைத்து டூலை வைத்து அழுத்த வேண்டும். நுழையும்போது ஏதாவது ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. ஐந்து ஜாக் வீண். ஆறாவது உட்கார்ந்தது.

கேபிளை ஹால் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மழைநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி, மாடி ஜன்னலில் எடுத்தேன். அத்தை, இவருடைய அம்மா, கீழே நின்று கேபிளை மேலே தள்ளித் தள்ளிக் கொடுத்தார்கள். எழுபத்தெட்டு வயது, முட்டுவலி. இவர் சோபாவில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விழுந்துராத" என்று ஒரு தடவை சொன்னார்.

சுவிட்சிலிருந்து ஒரு வயர் என் லேப்டாப்புக்கு. அத்தையின் டிவி, இவருடைய லேப்டாப், வேலூர் ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர், மூன்றும் வைஃபையில். பச்சை விளக்கு மினுக்கியபோது தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

மூன்று நாளாக ஒரு துண்டிப்பும் இல்லை. பிரசவ வார்டு, பல் டாக்டர், சர்க்கரை நோய்ப் பிரிவு. அறுபது வயதுக்காரர் ஒருவர் கடைசியில் "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன் தங்கச்சி" என்றார். சுவிட்ச் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

இரவு சாப்பிடும்போது இவர் கேட்டார். "இப்ப கட் ஆகுறதில்லையோ?"

"இல்லையே. வயர்ல்லா."

"ஓ, அது தனியா வருமோ" என்றார். ரசம் ஊற்றினேன்.

ஜூன் 14, சனி

காலையில் ஒரு சண்டை. இவருடைய சித்தப்பா பேரனுக்கு ஞானஸ்நானம், சாயங்காலம் தூத்துக்குடியில் விருந்து. எனக்கு ஒன்றரையிலிருந்து ஏழு மணி வரை வேலை. முன்பே எழுதிக் கொடுத்த நேரம், மாற்ற முடியாது. "நீங்களும் அத்தையும் போயிட்டு வாங்க" என்றேன். "பொண்டாட்டி எங்கன்னு கேட்டா லண்டன்ல இருக்கான்னு சொல்லணுமாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான்.

அவர்கள் கிளம்பிப்போய் ஒரு மணி நேரத்தில் கட்! வயரில் இருந்துகொண்டே கட்! விளக்கு பச்சையாக எரிகிறது, லேப்டாப் மட்டும் வெளி உலகம் தெரியாமல் முழிக்கிறது. வயரைப் பிடுங்கிச் செருகினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண், கையைச் சுட்டுக்கொண்ட குழந்தையோடு.

போன் நெட்டில் வேலை பார்க்கக் கூடாது என்பது வேலை கொடுத்த கம்பெனியின் விதி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்குத் தானாக வந்தது. தானாக! இந்த நெட்டுக்கு என்ன, மனசா இருக்கிறது?

ஜூன் 16, திங்கள்

கேபிளைச் சந்தேகப்பட்டுப் புதுக் கேபிள். சுவிட்சைச் சந்தேகப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு சுவிட்ச்.

மேற்பார்வையாளர் ஃபர்ஹானா எழுதியிருக்கிறாள். மரியாதையான கடிதம். சோதனைக் காலத்தில் இத்தனை துண்டிப்பு கூடாதாம்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும்.

ஜூன் 19, வியாழன்

இசக்கிமுத்துவைத் திரும்ப வரவழைத்தேன். அவருடைய கருவியை மாட்டிப் பார்த்தார், வேகம் முழுசாக இருக்கிறது. என் ஜாக்கைப் பார்த்து, "யாருக்கா கிரிம்ப் பண்ணினது? நல்லா வந்திருக்கே" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அது பாராட்டாகவே படவில்லை. "நல்லா வந்திருந்தா ஏன்யா சாகுது? மாசாமாசம் பணத்தை வாங்கிட்டு நோயாளிங்க உசிரோட விளையாடுறீயளா?" என்று கத்திவிட்டேன். தெருவில் போன மீன்காரம்மா நின்று பார்த்தார். இசக்கிமுத்து ஒன்றும் சொல்லாமல் கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மத்த மெஷின்ல எல்லாம் வருதாக்கா?" என்று கேட்டார். கதவைச் சாத்திவிட்டேன்.

பிறகு யோசித்தால், வருகிறது. நேற்று என் லேப்டாப் செத்துக் கிடந்த நேரத்தில் கீழே அத்தையின் டிவியில் ஜெபக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மகளின் பழைய கம்ப்யூட்டரும் அந்த நேரம் வேலை செய்தது. வேலைக்கான மென்பொருள் என் லேப்டாப்பில் மட்டும்தான் உண்டு. அப்படியானால் பழுது லேப்டாப்பில்தான்.

ஜூன் 20, வெள்ளி

லேப்டாப்பைக் கடையில் காட்டினேன். ஒரு குறையும் இல்லையாம். எல்லாரும் நல்லவர்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் ஒருத்திதான் பழுது.

இவர் காலையில் குளிக்கும்போது போனை வாளித் தண்ணீருக்குள் போட்டுவிட்டார். குளியலறைக்குள் போன் எதற்கு என்று கேட்டால் கோபம் வருகிறது. ரிப்பேருக்கு நாலு நாள் ஆகுமாம்.

ஜூன் 23, திங்கள்

மூன்று வேலை நாள் ஒரு துளித் தடங்கலும் இல்லை. புதுச் சுவிட்ச் பழகிவிட்டது போல. ஃபர்ஹானா ஒரு பூப் படம் அனுப்பியிருக்கிறாள்.

இவர் போன் இல்லாமல் கை ஒடிந்தவர் மாதிரி சுற்றி வருகிறார். நாளைக்குக் கிடைக்குமாம்.

ஜூன் 24, செவ்வாய்

போயிற்று. பட்டப்பகலில், நாலரைக்கு.

ஹாலில் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை டிவியை அணைத்தார்கள். பிறகு, "ஏட்டி, நான் ஒரு காலத்துல தையல் தச்சேன், தெரியுமா?" என்றார்கள். தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொன்னதே இல்லை.

"கோயில் தெருவுல உள்ளவங்க எல்லாம் எங்கிட்டதான் ஜாக்கெட் குடுப்பாவ. கிறிஸ்மஸ் வந்தா மூச்சு விட முடியாது. அப்பல்லாம் மிஷினுக்குள்ள நூல் சுத்தி வைக்கிற பாபின் காணாமப் போகும். தேடித் தேடி அழுவேன். பண்டிகை முடிஞ்சு துணியெல்லாம் திருப்பிக் குடுத்தப்புறம் அரிசிப் பானைக்குள்ள கெடக்கும், அலமாரி மேல கெடக்கும். எலின்னு நெனச்சேன்."

"எலி பாபினை எடுக்குமா அத்தை?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாள் கழிச்சு யோசிச்சேன்" என்றார்கள். "உங்க மாமா நல்ல மனுஷன். ஒரு நாளும் கை நீட்டினதில்ல." எழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

நான் நெட்டைப் பற்றி அழுதால் அவர்கள் பாபினைப் பற்றிப் பேசுகிறார்கள். வயதாகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

இன்னொரு தடவை துண்டித்தால் சோதனைக் காலம் அத்தோடு முடிந்தது என்று ஃபர்ஹானா எழுதிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்று தோன்றுகிறது. இதுவரை ரூட்டரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. அதன் பெயர், பாஸ்வேர்ட், அமைப்பு எல்லாம் இவர் போட்டது. "அதுல மட்டும் கை வைக்காத, எல்லாம் போயிரும்" என்பார். போகட்டும்.

ஜூன் 27, வெள்ளி

காலையில் இவர் ஆபீசுக்குப் போனதும் ரூட்டரின் முதுகில் உள்ள ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்தினேன். எல்லா விளக்கும் அணைந்தது. அத்தை "கர்த்தாவே" என்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக எரிந்தது, புதிதாய்ப் பிறந்த பெட்டி மாதிரி, ஒன்றும் ஞாபகமில்லாமல். இசக்கிமுத்துவுக்குப் போன் போட்டு, வெட்கத்தை விட்டுக் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல லைனை உயிர்ப்பித்தேன். புதுப் பெயர். புதுப் பாஸ்வேர்ட். ரூட்டருக்குள் நுழைவதற்கு வேறொரு பாஸ்வேர்ட். முதலில் வயரில் என் லேப்டாப், பிறகு வைஃபையில் டிவி, மகளுடைய கம்ப்யூட்டர்.

ஒன்றரைக்கு வேலையை ஆரம்பித்தேன். நாலரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிஷ இடைவேளையில் போன் அடித்தது. இவர், ஆபீசிலிருந்து.

"ரூட்டர்ல என்ன பண்ணின?"

"எப்படித் தெரியும்?"

"இல்ல... ஆப் திறக்க மாட்டேங்குது."

"எந்த ஆப்?"

பின்னால் ஆபீஸ் எதிர் டீக்கடைச் சத்தம், கிளாஸ் கழுவுகிற சத்தம்.

"ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நம்ம வீட்டு ரூட்டரைத் திறந்து என்ன பண்ணப் போறிய?"

"சும்மா பாப்பேன்" என்றார். வைத்துவிட்டார்.

சும்மா பார்ப்பாராம்.

ஏழு மணி வரை வேலை பார்த்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. முடித்துவிட்டு இசக்கிமுத்துவைக் கூப்பிட்டு, அந்த ஆப்பில் என்னென்ன செய்யலாம் என்று கேட்டேன்.

"வீட்டுல உள்ள மெஷின் எல்லாம் பேர் பேரா வரும்கா. எது வேணும்னாலும் அங்கிருந்தே நிப்பாட்டி வைக்கலாம். வயர்ல இருந்தாலும் சரிதான். போன மாசம் சார் போன்ல நான்தான் போட்டுக் குடுத்தேன். பிள்ளைங்க ரொம்ப நேரம் பாக்குதுன்னு சொன்னாவளே."

எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது?

ஜூன் 28, சனி

நேற்று நடந்ததை இன்று காலைதான் எழுத முடிகிறது.

என் வீட்டுக்காரர் ஜெயசீலன் எட்டு மணிக்கு வந்தார். வழக்கமாக ஆறு. அத்தை சோபாவில் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"என் லேப்டாப்பை நிறுத்தினது நீங்கதானா?"

செருப்பைக் கழற்றினார். சாவியை மாட்டினார். "நிறுத்தல. ஆப்புல பாஸ் பட்டனைத்தானே அமுக்கினேன், கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு. சாயங்காலம் வந்து எடுத்து விட்டுட்டேன்லா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வீட்டுக்கு வந்தா ஒரு மனுஷி முகம் தெரியுதா? காதுல அதை மாட்டிக்கிட்டு எவன்ட்டயோ இங்கிலீஷ்ல பேசிட்டிருக்க. நான் வேண்டாம்னு ஒரு நாளாவது சத்தம் போட்டேனா? சண்டை போடக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணினேன். நாலு தடவை கட் ஆனா நீயே சலிச்சு விட்ருவேன்னு நெனச்சேன். உன் நல்லதுக்குத்தான்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு மாதம்! கடைக்காரரிடம் சண்டை, இசக்கிமுத்துவிடம் கத்தல், எட்டு வயரை விரல் வலிக்க அடுக்கியது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுதது. அத்தனையும் பார்த்துக்கொண்டு, "டென்ஷன் ஆகாத" என்று என் தலையைத் தடவினாரே! அந்தக் கை!

"அந்த யாழ்ப்பாணத்து அம்மா ஊசி பேரைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றேன். "ஒத்துக்காத ஊசி. பேரைச் சொல்ற நேரத்துல நீங்க டீக்கடையில நின்னு அமுக்கினீங்க. அவங்க இருக்காங்களா போயிட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. எனக்கு என்னைக்குமே தெரியாது."

"யாரு பேசுறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அத்தையைப் பார்த்தார், தாய் ஏதாவது சொல்வாள் என்று. அத்தை, "சோறு அடுப்படியில இருக்கு. போட்டுச் சாப்பிடு" என்றார்கள். பிறகு என்னிடம், "ஏட்டி, அந்தப் பெட்டியை மேல உன் ரூமுக்குக் கொண்டு போயிரு. இங்க இருந்தா கண்டவனும் நோண்டுவான்."

"கண்டவனா? அம்மா!" என்றார் ஜெயசீலன்.

அத்தை டிவியைப் போட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

இசக்கிமுத்து வந்து லைனை மாடிக்கு மாற்றிக் கொடுத்தார். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நாங்க கேக்காததா" என்றார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவரிடம் அப்படி எல்லாரும் கத்துகிறார்கள் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

இப்போது ரூட்டர் என் மேசைக்குப் பக்கத்தில். எனக்கு ஒரு முழ வயர் போதும். நான் இழுத்த கேபிளே தலைகீழாகக் கீழே போகிறது. ஹாலில் சுவிட்சோடு சேர்த்து ஒரு சின்ன வைஃபை பெட்டி. அத்தையின் டிவி முன்பைவிடத் தெளிவாக வருகிறதாம்.

ஜெயசீலனுக்கு வைஃபை பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டேன். அவருக்கும் லேப்டாப்பில் வேலை உண்டு. ரூட்டரின் பாஸ்வேர்டைக் கொடுக்கவில்லை. அந்த ஆப் இப்போது என் போனில் இருக்கிறது. அவருடைய லேப்டாப்பின் பெயர் தெரிகிறது, பக்கத்தில் அந்தப் பொத்தானும். தொடவில்லை. தொட ஆசையே வரவில்லை என்று எழுதினால் பொய்.

ஃபர்ஹானாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யார் செய்ததற்கு யார் வெட்கப்படுவது? சோதனைக் காலத்தை முதலிலிருந்து எண்ணிக்கொள்வோம் என்றாள்.

மகள் வேலூரிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா ரொம்ப வருத்தமா பேசுறாங்கம்மா" என்றாள். வருத்தம்தான். எதற்கு வருத்தம் என்று கேட்டாயா என்றேன். கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

ஜூலை 5, சனி

நாலு நாளாக ஜெயசீலன் என்னோடு பேசவில்லை. தட்டைத் தானே கழுவி வைக்கிறார், சத்தம் கேட்கும்படி.

இன்று வேலை நடுவில் மாடி ஏறி வந்தார். அறை வாசலில் நின்றார், கையில் போன். பேச வந்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. நான் ஒரு பாட்டியம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் இருந்தேன். விவரம் எழுதக் கூடாது, இந்தத் தடவை எழுதவில்லை. அந்தம்மா சொன்ன ஒன்றை மட்டும் எழுதிக்கொள்கிறேன், அது யாருக்கும் பொது.

"ஒரு மாசமா நோகுது நோகுது எண்டு சொல்லுறன் பிள்ளை. எல்லாரும் தலையாட்டினம். ஒருத்தரும் கேக்கேல்ல."

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. நோயாளி "நான்" என்றால், நாங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அப்படித்தான் சொன்னேன், ஆங்கிலத்தில், தெளிவாக. ஒரு மாதமாக வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். ஒருவர்கூட நான் சொல்வதைக் கேட்கவில்லை.

குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்துதான் கேட்டது. வாசலில் நின்றவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. கதவை மெல்லச் சாத்தினார். அதன் பிறகும் படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்க வேண்டும்.

நிற்கட்டும்.

லண்டனில் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரம் இருக்கிறது. முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். அதை நான் அந்தம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்தம்மா சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். கடைசி வார்த்தை வரை லைன் அறுபடவில்லை.